அலசின தண்ணீர்

மார்ச் 4, திங்கள்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரி மயிலாத்தாளுக்கு ரேடியேஷன் கரண்ட் வைப்பது ஒருவழியாக முடிந்தது. வெற்றிலையையே வாயில் வைக்காதவளுக்கு நாக்கில் எப்படிக் கட்டி வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு அப்படி வரும் என்றார். இதைச் சொல்ல இத்தனை படிப்பு எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் சொன்னதை மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன். ருசி சுத்தமாகப் போயிருக்கும். சிலருக்குச் சில மாதங்களில் திரும்பி வரும், சிலருக்கு வராமலும் போகும். ருசி இல்லை என்று சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது. எடை இன்னும் இறங்கினால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டி வரும்.

கார் அன்னூர் தாண்டியது. அப்புறம் சொன்னாள்.

"கொழா மட்டும் வேண்டாங்க. சோறு வாய் வழியா போகோணும். போகலீன்னா போக வேண்டாம்."

"அதெல்லாம் போகும். நான் போக வெக்கறேன்" என்றேன். பெரிய சூரன் மாதிரி சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, புதன்

இன்று முதல் சமையல் என் பொறுப்பு. பாத்திரம் கழுவவும் வீடு கூட்டவும் அருக்காணி வருகிறாள். மகள் பூங்கோதை சனிக்கிழமை பெங்களூர் திரும்புகிறாள்.

வாயெல்லாம் புண் என்பதால் உப்பு, புளி, காரம் எதுவும் கூடாது. குழைந்த சோறு, பருப்புத் தண்ணீர், அவித்த காய், மோர். அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு நான் மட்டும் கொள்ளு ரசத்தை உறிஞ்ச முடியாது. எனக்கும் அதே சாப்பாடுதான் என்று முடிவு செய்துவிட்டேன். முதல் வேளையே கண்ணில் தண்ணீர் வந்தது. நனைந்த காகிதத்தைத் தின்பது போலிருந்தது.

"உனக்கு எப்படிப் புள்ள இருக்குது? மண்ணு மாதிரி இருக்குதா?"

"மண்ணுக்குக்கூட ஒரு ருசி உண்டுங்க. மாசமா இருந்தப்பத் தின்னிருக்கறேன். இது ஒண்ணுமே இல்லீங்க."

மார்ச் 9, சனி

பூங்கோதை கிளம்புவதற்கு முன் மூன்று பேரும் ரம்மி ஆடினோம். வழக்கம் போல நான் தோற்றேன்.

"அப்பாவுக்கு ஜோக்கர் வந்தா வீதி பூராத் தெரிஞ்சு போகுதும்மா. மூஞ்சியே சொல்லீருது" என்றாள்.

மயிலாத்தாள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதற்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தாள். அதற்காக இன்னும் பத்து ஆட்டம் தோற்கலாம். பூங்கோதையைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தபோது வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

மார்ச் 15, வெள்ளி

கஞ்சி. பாதிக் கிண்ணம்.

மார்ச் 20, புதன்

காலையில் குப்புராசு பால் கொண்டுவந்து ஊற்றினான். என்னைப் பார்த்தால் அவனுக்கு இன்னும் பயம்தான். பால் சொசைட்டியில் நான் இருந்த காலத்தில் லாக்டோமீட்டரைப் பாலில் விடுவதற்கு முன்பே, ஊற்றுகிறவன் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். இந்த ஊரில் என்னிடம் மாட்டாதவன் கிடையாது.

என் வீட்டில் மட்டும் என் ஜம்பம் பலித்ததில்லை. பாலைச் சட்டியில் ஊற்றியதும் மயிலாத்தாள் சொம்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் பாலிலேயே ஊற்றுவாள். ஊரையெல்லாம் பிடிக்கிறவன் வீட்டில் இது நடக்கலாமா என்று கல்யாணமான நாளிலிருந்து சண்டை. "அலசுன தண்ணியிலயும் பால் இருக்குதுங்க. கொட்டறதுக்கா கறந்தாங்க?" என்பாள். அவ்வளவுதான் அவள் வாதம்.

இன்று அடுப்படியில் நான்தான் ராஜா. சொம்பை அலசித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தாள்.

"அலசுன தண்ணிய எங்கீங்க கொட்டுனீங்க?"

சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். காது நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

கோபியில் தாயாதி வீட்டுக் கல்யாணம். தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். பந்தியில் உட்கார்ந்து சாம்பாரை வாயில் வைத்தால் ஒரே உப்பு. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் முழித்தேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். ஜிலேபி ஒரு கடிக்கு மேல் இறங்கவில்லை. அத்தனை இனிப்பு.

வீட்டுக்கு வந்து பசியோடு அவித்த கேரட்டைத் தின்றேன். அது இனித்தது. வெறும் சோற்றை மென்றேன். மெல்ல மெல்ல அதிலும் ஓர் இனிப்பு. குழாய்த் தண்ணீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும்கூட வேறு வேறு ருசி தெரிகிறது. ஒரு மாதம் உப்பில்லாமல் தின்றதில் என் நாக்கு கூராகியிருக்கிறது.

ரொம்ப நேரம் யோசித்தேன். சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியாது. சற்று நின்றால் நாற்காலி தெரியும், ஆள் தெரியும். வெளிச்சம் குறைந்தால் கண் தேடிப் போகிறது. ருசியைக் குறைத்தால் நாக்கும் தேடிப் போகும். எனக்கு வந்தது அவளுக்கு வராதா? தேட வைத்தால் வரும்.

ஏப்ரல் 8, திங்கள்

வேலையை ஆரம்பித்துவிட்டேன். பழைய ஜூஸ் பாட்டில்கள் நான்கு. ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் உப்பு, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் காப்பி டிக்காஷன். முதலில் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். அவள் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கப் பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் சேர்த்துக் குறைத்துக்கொண்டே போவது. நிறம் தெரியாமல் இருக்க ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்கள். வரிசையையும் தினம் மாற்றுவேன். யாரும் ஏமாற்ற முடியாது. இதெல்லாம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னுங்க இது, எனக்குப் பரீட்சையா?" என்றாள்.

"ஆமா. பாஸ் பண்ணுனா கொழா இல்லை."

நான்கையும் வாயில் வைத்துப் பார்த்தாள். எலுமிச்சைக்கு முகம் சுளித்தாள். மற்றது ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று சொல்லிவிட்டாள்.

எலுமிச்சையையும் உப்பையும் சில நாளாகவே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவை புண்ணில் எரியும், காப்பிக்கு வாசம் உண்டு. அதனால் நான் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு வேண்டியது சர்க்கரைதான். அது எரியாது, மணக்காது. நாக்கு சொன்னால்தான் உண்டு. டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். ஒரு வாய் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சர்க்கரைங்களா?"

மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அங்கே இப்போது மாடு இல்லை, அதனால் கேட்க ஆளில்லை. திரும்பி வந்தபோது, "மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனீங்களாக்கு" என்று கேலி செய்தாள்.

ஏப்ரல் 27, சனி

பாதியாகக் குறைத்தேன், சொன்னாள். அதிலும் பாதியாக்கினேன், அதையும் சொன்னாள். அவள் குடித்து மீதி வைப்பதை நானும் குடித்துப் பார்ப்பது வழக்கம். எனக்கே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவள் உடனே சொல்கிறாள்.

பூங்கோதைக்குப் போன் செய்து, உங்கம்மா நாக்கு லாக்டோமீட்டரைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்றேன். "டாக்டர்கிட்டச் சொன்னீங்களாப்பா?" என்றாள். டாக்டருக்கு என்ன தெரியும்.

மே 12, ஞாயிறு

தட்டைக் காலி செய்கிறாள். நான் எதை வைத்தாலும் "நல்லா இருக்குதுங்க" என்கிறாள். நேற்று அரிசிம்பருப்புச் சோறு லேசாக உப்புப் போட்டு ஆக்கினேன். நெய் வாசம் தூக்குது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள்.

மருந்துக்கடை எடை மெஷினில் நிற்க வைத்தேன். போன மாதத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது. அந்த மெஷின் சரியில்லை. நான் ஏறியபோதும் குறைவாகத்தான் காட்டியது.

மே 20, திங்கள்

அருக்காணியைச் சத்தம் போட்டுவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்கிறாள்:

"ஏனுங்கய்யா, நீங்க அந்தப் பக்கம் நகுந்தீங்கன்னா அம்மிணி கண்ணை மூடிட்டு மாத்தரை முழுங்கற மாதிரி சோத்தை முழுங்கறாங்க. பாக்கறதுக்கே பாவமா இருக்குதுங்க."

தொண்டையில் புண் இருந்தால் அப்படித்தான் விழுங்க வரும், உன் வேலையைப் பார் என்றேன். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். தெரியாததைப் பேசினால் எனக்குப் பிடிக்காது.

மே 29, புதன்

காலையில் டம்ளர். முதலில் சர்க்கரை பாட்டிலிலிருந்துதான் ஊற்றினேன். எதிரில் நின்றேன். ஒரு வாய் வைத்தாள்.

"சர்க்கரைங்க. நேத்தைக்கு விடக் கொறைவு."

மீதியை நான் குடித்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு வாய் குடித்தேன். கிணற்றுத் தண்ணீரின் ருசி இருந்தது, அதைத் தவிர ஒன்றுமில்லை. எனக்குத்தான் நாக்குப் போய்விட்டதோ என்று ஒரு கேரட்டைக் கடித்துப் பார்த்தேன். கேரட் இனித்தது.

அருக்காணியைக் கொல்லைப்புறம் கூப்பிட்டுக் கேட்டேன். பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசாதவள், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த பாட்டல்ல எறும்பு ஏறிக் கெடந்துதுங்கய்யா. கழுவி நல்ல தண்ணி புடிச்சு வெச்சனுங்க. தப்புங்களா?"

தப்பில்லை என்றேன்.

மயிலாத்தாள் சொன்னதும் தப்பில்லை. நேற்றைக்கு விடக் குறைவுதான்.

மே 30, வியாழன்

வெயில் அதிகம். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 1, சனி

இன்று சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கிற மாதிரி கெட்டியாகக் கரைத்தேன். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வெளியே குப்புராசின் எருமை போய்க்கொண்டிருந்தது. அது தெருமுனை திரும்பும்வரை அவளிடமிருந்து சத்தமில்லை.

"ஏனுங்க, அங்க என்ன பாக்கறீங்க?"

"சும்மாதான். நீ சொல்லு."

"இந்தப் பக்கம் திரும்புங்க."

நான் திரும்பவில்லை.

"இன்னிக்கு நாக்கு சரியில்லீங்க. தெரியலை" என்றாள்.

பால் ஊற்ற வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே தண்ணீரைச் சொன்னவன் நான். என் முகத்தை அவள் படித்துக்கொண்டிருந்தது இத்தனை நாளாக எனக்குத் தெரியவில்லை. ருசியே இல்லாமல் அத்தனை தட்டையும் எனக்காகக் காலி செய்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறதா, நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு விழுங்க வைத்திருக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

இனித் திரும்பி நிற்கப் போவதில்லை.

நேராக நின்றேன். ஒரு வாய் வைத்து, என்னைப் பார்த்து, "சர்க்கரைங்க" என்றாள். "பாத்தயா, நேத்து ஒரு நாள்தான் நாக்கு மக்கர் பண்ணீருச்சு" என்றேன். ஆமாங்க என்றாள்.

ஜூன் 19, புதன்

கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுத்தோம். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். நுரையீரலுக்குப் போய்விட்டதாம். இனி வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். குழாய் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எடை மெஷினில் ஒன்றும் தப்பில்லை.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்வது.

"கொழா உண்டுங்களா?" என்றாள்.

"இல்லை."

"அது போதுங்க."

அன்னூரில் காரை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். நல்லா இருக்குதுங்க என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

பூங்கோதை லீவு போட்டு வந்துவிட்டாள். இனி கடைசிவரை இங்கேதான். அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு நெசமாவே ருசி வந்துருச்சுங்களாப்பா?"

"வந்துருச்சு கண்ணு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வெங்காயம் இல்லாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினாள்.

ஜூலை 8, திங்கள்

அவளுக்கு மூச்சு வாங்குகிறது, இந்தப் பரீட்சையெல்லாம் இனி எதற்கு என்று டம்ளர்களை எடுக்காமல் விட்டேன். பத்து மணிக்கு அவளே கேட்டாள்.

"இன்னிக்கு டம்ளர் கொண்டாரலீங்களா?"

"வேண்டாம்னு பாத்தேன் புள்ள. உனக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்கென்னங்க சிரமம். நான் சொன்னதும் உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அதைப் பாக்கோணுமல்லங்க."

கொண்டுபோனேன். இப்போது உப்பும் எலுமிச்சையும் கிடையாது, எரியும். காப்பியும் கிடையாது. சர்க்கரை ஒன்றுதான். அதையும் தினம் புதிதாக, தாராளமாகப் போட்டுக் கரைக்கிறேன். குறைத்தது எல்லாம் போதும்.

ஜூலை 25, வியாழன்

இரண்டு ஸ்பூன் கஞ்சி. பேச்சு குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

சனிக்கிழமை காலையில் மயிலாத்தாள் போய்விட்டாள். அன்றைக்கு நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

வெள்ளிக்கிழமையே நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு வாய் பால் விடச் சொல்லி என் தங்கை அவசரப்படுத்தினாள். விடியட்டும், குப்புராசு வரட்டும் என்றேன். பாக்கெட் பால் இருக்கிறதே என்றார்கள். வேண்டாம் என்றேன். அவர்களுக்கு என் பிடிவாதம் தெரியும்.

குப்புராசு கறந்த சூட்டோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தண்ணி இல்லீங்க, கெட்டிப் பாலுங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் எதையும் சோதிக்கவில்லை. லேசாகக் காய்ச்சி அவள் டம்ளரில் ஊற்றி, சர்க்கரை போட்டேன். ஒரு ஸ்பூன் போட்டேன், இன்னொன்றும் போட்டேன். சாகக் கிடப்பவளுக்கு எதுக்குண்ணா இத்தனை சர்க்கரை என்று தங்கை கேட்டாள். நன்றாகக் கலக்கினேன்.

பூங்கோதை தலையைத் தாங்கிப் பிடித்தாள். ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து உதட்டில் விட்டேன். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது. இன்னொரு ஸ்பூன் விட்டேன். அப்போது கண்ணைத் திறந்தாள்.

சுற்றிலும் அத்தனை பேர் நின்றார்கள். அவள் கண் அவர்களை விட்டுவிட்டு என் முகத்தைத் தேடி வந்தது. தினமும் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு பார்ப்பாளே, அதே பார்வை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவளுக்கு விடை தெரியாமல் போய்விடும். குனிந்து, அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். சர்க்கரை என்று அவள் முதல்முதலாகச் சொன்ன நாளில் எனக்கு எப்படி இருந்ததோ, அதை நினைத்துக்கொண்டேன். அவள் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றேன்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. "இனிப்பு" என்றுதான் சொன்னாள். பூங்கோதையும் பார்த்தாள்.

"ஆமா புள்ள. சரியாச் சொன்னே" என்றேன்.

வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பால் விட்டதில் டம்ளர் காலியாகியிருந்தது. பெண்கள் அழத் தொடங்கியதும் நான் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அருக்காணி கழுவுவதற்குக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதைக் குடித்தேன்.

அதில் பால் இருந்தது. இனிப்பும் இருந்தது.